கடலடிச் சேறு கூறும் சாட்சி

"கடலில் கரைத்த பெருங்காயம்" என்பது நம்மிடையே வழங்கும் பழமொழி. இருந்த இடம் தெரியாமல் மறைந்துபோன பொருளையும், பயன் தராமற் போன உழைப்பையும் இவ்வாறு கூறுவது வழக்கம். கடல் அத்துணைப் பெரிது. அதில் எதனைக் கரைத்தாலும் சுவடின்றிப் போய்விடும் என்பது இப்பழமொழியினுள் அடங்கிய நம்பிக்கை. தனி மனிதர்கள் மட்டுமல்லர். பெரிய நகரங்களும் தொழிற்சாலைகளுங்கூட இந்த நம்பிக்கையின் மீதே தம் கழிவுக் குழாய்களைக் கடலை நோக்கி அமைத்தன.

இந்த நம்பிக்கை சரியானதுதானா? கடலில் விட்டது உண்மையிலேயே மறைந்துவிடுகிறதா? கடலடிச் சேற்றை வெட்டியெடுத்து ஆராய்ந்த விஞ்ஞானிகள் "இல்லை" என்று விடை கூறுகின்றனர். விட்டது இன்னது, விட்ட காலம் இன்னது, வந்த வழி இன்னது என்று அச்சேறு சாட்சி கூறுகின்றது என்பதை அவர்கள் மெய்ப்பித்துள்ளனர். அச்சாட்சியை எவ்வாறு கேட்பது என்பதையும், அமெரிக்க நாட்டின் கலிஃபோர்னியாக் கடற்கரையில் அது என்ன கூறியது என்பதையும் இக்கட்டுரையில் முறையாகக் காண்போம். மாணவச் செல்வங்கள் சற்றே நிதானமாகப் படித்தால் எளிதில் விளங்கும்.

வண்டல் என்னும் பேரேடு

கோடையில் ஏரி வற்றிய பின்னர் வண்டல் வெட்டி வயலுக்கு அடித்த அனுபவம் நம் உழவர் குடும்பங்களுக்கு உண்டு. வெட்டிய பள்ளத்தின் பக்கவாட்டைக் கூர்ந்து நோக்கினால், மண் அடுக்கடுக்காகப் படிந்திருப்பது தெரியும். வெள்ளம் வந்த ஆண்டில் படிந்த மணல் ஓர் அடுக்கு. நீர் அமைதியாக நின்ற ஆண்டுகளில் படிந்த களி மற்றோர் அடுக்கு. அடியில் இருப்பது பழையது; மேலே இருப்பது புதியது.

கடலின் அடித்தளத்திலும் இதுவே நிகழ்கின்றது. ஆறுகள் கொணரும் நுண்மண், கடலில் வாழ்ந்து மடியும் நுண்ணுயிர்களின் உடல்கள், நகரக் கழிவு நீரில் மிதந்துவரும் துகள்கள் ஆகிய அனைத்தும் மெல்ல மெல்லக் கீழிறங்கிப் படிகின்றன. சில இடங்களில் ஆண்டுக்கு ஒரு மில்லி மீட்டருக்கும் குறைவாகவும், கழிவுக் குழாய் வாயின் அருகில் ஒரு சென்டி மீட்டரோ அதற்கும் மிகுதியாகவோ படிவதுண்டு.

நீரில் கரைய விரும்பாத இரசாயனங்கள் பல உள்ளன. எண்ணெய்த் தன்மை வாய்ந்த இவை நீரில் தனித்து நில்லாமல், மிதக்கும் துகள்களைப் பற்றிக்கொள்கின்றன. துகள் கீழிறங்கும்போது இவையும் உடன் இறங்கிச் சேற்றில் தங்கிவிடுகின்றன. அடுத்த ஆண்டுத் துகள்கள் அவற்றின்மீது படிந்து மூடுகின்றன. வணிகர் வீட்டுப் பேரேட்டில் வரவும் செலவும் நாள்வாரியாக ஏறுவதைப் போன்று, கடலில் விட்ட கழிவு ஆண்டுவாரியாகச் சேற்றில் பதிவாகின்றது. பேரேட்டை எழுதியவர் மறந்துவிடலாம், ஏடு மறப்பதில்லை.

இந்த ஏட்டைப் படிப்பதற்கு விஞ்ஞானிகள் நீண்ட குழாயைக் கப்பலிலிருந்து இறக்கிக் கடலடியில் செங்குத்தாகச் செலுத்துகின்றனர். குழாயினுள் சேறு குலையாமல் ஒரு தூணைப் போன்று ஏறிக்கொள்கின்றது. அந்த மண் தூணை மேலே கொணர்ந்து, ஒன்றிரண்டு சென்டி மீட்டர் கனமுள்ள வில்லைகளாக அறுக்கின்றனர். ஒவ்வொரு வில்லையையும் உலர்த்தி, தகுந்த கரைப்பானில் இட்டு, மருந்துச் சரக்கிலிருந்து கஷாயம் இறக்குவதைப் போன்று அதிலுள்ள இரசாயனங்களை இறக்குகின்றனர். பின்னர் வாயு குரோமட்டோகிராபி என்னும் கருவியினால் அவற்றைத் தனித்தனியே பிரித்து, மூலக்கூறுகளின் எடையைக் காணும் மற்றொரு கருவியினால் இன்னதெனத் தெளிகின்றனர்.

இக்கருவிகளின் நுட்பம் வியக்கத்தக்கது. நூறு கோடிப் பங்கு மண்ணில் ஒரு பங்கு இரசாயனம் இருப்பினும் கண்டுபிடித்துவிடலாம். ஓர் அரிசி மணியின் எடை ஏறத்தாழ 20 மில்லி கிராம் என்று கொண்டால், நூறு கோடி மணிகளின் எடை 20 டன். அதாவது, இரண்டு லாரி அரிசிக்குள் கலந்த ஒரேயொரு கறுப்பு மணியைத் தேடி எடுப்பதற்கு இது ஒப்பாகும்.

சாட்சிக்கு வேண்டிய தகுதிகள்

வழக்கு மன்றத்தில் எல்லோரும் சாட்சி ஆகிவிட முடியாது. நேரிற் கண்டவராகவும், நிலையான சொல் உடையவராகவும் இருத்தல் வேண்டும். அவ்வாறே சேற்றில் கிடைக்கும் எல்லா இரசாயனங்களும் மாசுக்குச் சாட்சி ஆவதில்லை. அவ்வாறு ஆகும் பொருளை அடையாளப் பொருள் எனலாம். அதற்கு நான்கு தகுதிகள் வேண்டும்.

1. அதன் பிறப்பிடம் ஒன்றாக இருத்தல் வேண்டும். பல வழிகளில் உண்டாகும் பொருளாயின் எவ்வழி வந்தது என்று கூற இயலாது.

2. எளிதில் அழியாததாக இருத்தல் வேண்டும். சில நாட்களிலேயே சிதைந்துவிடும் பொருள் பல ஆண்டுகளுக்குப் பின் சாட்சி கூற நில்லாது.

3. நீரோடு ஓடிவிடாமல் துகளைப் பற்றிச் சேற்றில் தங்குவதாக இருத்தல் வேண்டும்.

4. மிகச் சிறிய அளவில் இருப்பினும் பிழையின்றி அளக்கத்தக்கதாக இருத்தல் வேண்டும்.

இத்தகுதிகள் பெருமளவில் அமைந்த மூன்று அடையாளப் பொருள்களை இனிக் காண்போம்.

முதற் சாட்சி: கோப்ரோஸ்டனால்

கொலஸ்டிரால் என்னும் பெயரை இக்காலத்தில் அறியாதார் இலர். நம் உடலில் இயல்பாகவே உள்ள இப்பொருளை, குடலில் வாழும் பாக்டீரியாக்கள் கோப்ரோஸ்டனால் என்னும் வேறொரு பொருளாக மாற்றுகின்றன. மனித மலத்தில் உள்ள இவ்வகைப் பொருள்களுள் ஏறத்தாழ 60 விழுக்காடு இதுவேயாகும். தாவரங்களையே உண்ணும் ஆடுமாடுகளின் குடலிலோ, தாவரங்களில் உள்ள வேறொரு பொருள் மாற்றமடைந்து, இதற்கு உறவான மற்றொரு பொருள் மிகுதியாக உண்டாகின்றது. ஆகவே, ஓரிடத்துச் சேற்றில் கலந்தது நகரச் சாக்கடையா, மேய்ச்சல் நிலத்துச் சாணமா என்பதையும் பிரித்தறிய வழியுண்டு.

கடற் சேற்றில் இயற்கையாக வாழும் பாக்டீரியாக்களும் கொலஸ்டிராலை மாற்றக்கூடியவையே. ஆயினும் அவை பெரும்பாலும் கொலஸ்டனால் என்னும் பொருளையே ஆக்குகின்றன. ஆகையால் விஞ்ஞானிகள் கோப்ரோஸ்டனாலின் அளவை மட்டும் நோக்காமல், இவ்விரண்டின் கூட்டுத் தொகையில் அதன் பங்கு எவ்வளவு என்பதையும் கணக்கிடுகின்றனர். அப்பங்கு 0.7-க்கு மேற்படின் மனிதக் கழிவு கலந்துள்ளது என்றும், 0.3-க்குக் குறையின் இயற்கையானது என்றும் பொதுவாகக் கொள்கின்றனர்.

இரண்டாம் சாட்சி: சலவைத் தூளின் மிச்சம்

சலவைத் தூளில் அழுக்கை நீக்கும் முதன்மைப் பொருளை ஆக்குவதற்கு ஆல்கைல் பென்சீன் என்னும் மூலப்பொருள் பயன்படுகின்றது. தொழிற்சாலையில் அது முழுதும் மாற்றமடைவதில்லை. சிறு பங்கு மாறாமல் மிஞ்சித் தூளுடன் கலந்தே வருகின்றது. துணி துவைத்த நீரில் அம்மிச்சமும் வெளியேறிச் சாக்கடை வழியே செல்கின்றது. இயற்கையில் இப்பொருள் எங்கும் உண்டாவதில்லை. எனவே கடலடிச் சேற்றில் இது கிடைத்தால், மக்கள் குடியிருப்புகளின் கழிவு நீர் அவ்விடத்தை எட்டியுள்ளது என்பதில் ஐயமில்லை. 1983-ஆம் ஆண்டில் ஜப்பானிய விஞ்ஞானிகள் டோக்கியோ வளைகுடாச் சேற்றிலும், அமெரிக்க விஞ்ஞானி ராபர்ட் ஈகன்ஹவுஸும் அவருடைய துணைவர்களும் தென் கலிஃபோர்னியாக் கடற்பகுதியிலும் இதனைக் கண்டு தனித்தனியே அறிவித்தனர்.

இச்சாட்சிக்கு மற்றுமொரு சிறப்பு உண்டு. அது காலத்தையும் கூறுகின்றது. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் அமெரிக்காவில் பரவிய சலவைத் தூள்களில் கிளைத்தொடர் ஆல்கைல் பென்சீன் பயன்பட்டது. கிளைகள் மிகுந்த அம்மூலக்கூறுகளைப் பாக்டீரியாக்களால் சிதைக்க இயலவில்லை. ஆறுகளில் நுரை மலைபோல் எழுந்து நின்றது. மக்களின் எதிர்ப்பினால், 1965-ஆம் ஆண்டளவில் அந்நாட்டு ஆலைகள் எளிதில் சிதையும் நேர்த்தொடர் வகைக்கு மாறின. ஆகவே, ஒரு மண் தூணில் கிளைத்தொடர் வகை குறைந்து நேர்த்தொடர் வகை தோன்றும் இடம் எதுவோ, அது 1965-ஆம் ஆண்டை ஒட்டிய அடுக்கு ஆகும்.

மூன்றாம் சாட்சி: டி.டி.டி.

டி.டி.டி. என்னும் பெயர் நம் மூத்தோர்க்கு நன்கு தெரியும். மலேரியாத் தடுப்புப் பணியாளர்கள் கைப்பம்புடன் வந்து வீட்டுச் சுவர்களில் தெளித்த வெண்ணிற மருந்து அது. அதன் பூச்சிக்கொல்லும் ஆற்றலை 1939-ஆம் ஆண்டில் ஸ்விட்சர்லாந்து நாட்டுப் பால் முல்லர் கண்டறிந்தார். 1948-ஆம் ஆண்டில் நோபல் பரிசும் பெற்றார். மலேரியா, டைஃபஸ் முதலிய கொடிய காய்ச்சல்களிலிருந்து அது எண்ணற்ற மனித உயிர்களைக் காத்தது என்பதை மறுத்தல் ஆகாது. ஆயினும் எளிதில் அழியாமையே அதன் குற்றமாயிற்று. ஆக்சிஜன் உள்ள இடத்தில் அது டி.டி.ஈ. என்னும் பொருளாகவும், ஆக்சிஜன் அற்ற சேற்றில் டி.டி.டீ. என வழங்கும் பிறிதொரு பொருளாகவும் மாறுகின்றது. இவற்றுள் டி.டி.ஈ. மிக நீண்ட ஆயுள் உடையது. உயிரினங்களின் கொழுப்பில் தங்கிச் சேர்வது.

ஆண்டுகளைக் கணிக்கும் முறை

சேற்று அடுக்குகளின் வயதை அறிவதற்கு இயற்கையே ஒரு கடிகாரத்தை அமைத்துள்ளது. பாறைகளிலிருந்து வெளிப்படும் ரேடான் வாயு காற்றில் சிதைந்து ஈயம்-210 என்னும் கதிரியக்கப் பொருளைத் தருகின்றது. அது மழையுடன் இறங்கிச் சேற்றில் சேர்கின்றது. சேர்ந்த பின்னர் ஏறத்தாழ 22 ஆண்டுகளுக்கு ஒருமுறை பாதியாகக் குறைகின்றது. 100 பங்கு இருந்தது 22 ஆண்டுகளில் 50 பங்காகும். 44 ஆண்டுகளில் 25 பங்காகும்.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். மண்ணிலேயே இயல்பாக ஊறும் பகுதியைக் கழித்த பின்னர், சேற்றின் மேற்பரப்பில் ஈயம்-210 நூறு பங்கும், 11 சென்டி மீட்டர் ஆழத்தில் 25 பங்கும் இருப்பதாகக் கொள்வோம். 25 பங்காக ஆவதற்கு 44 ஆண்டுகள் வேண்டும். ஆகவே 11 சென்டி மீட்டர் வண்டல் படிவதற்கு 44 ஆண்டுகள் ஆகியுள்ளன, ஆண்டுக்கு 2.5 மில்லி மீட்டர் என்று அறிகிறோம்.

இக்கணக்கைச் சரிபார்க்க மனிதன் தானே அறியாமல் இட்ட முத்திரை ஒன்றும் உண்டு. வளிமண்டலத்தில் நிகழ்த்திய அணுகுண்டுச் சோதனைகளால் சீசியம்-137 என்னும் பொருள் உலகெங்கும் பரவிப் படிந்தது. 1963-ஆம் ஆண்டில் அது உச்சத்தை எட்டியது. அவ்வாண்டிலேயே ஏற்பட்ட ஒப்பந்தத்தின் பின் குறையலாயிற்று. எனவே சீசியம் மிகுந்துள்ள அடுக்கு 1963-ஆம் ஆண்டைச் சார்ந்தது என்று கொள்ளலாம்.

பாலோஸ் வெர்டிஸ் கடற்பகுதி

கருவிகளை அறிந்தோம், இனி வழக்கிற்கு வருவோம். லாஸ் ஏஞ்சலஸ் நகருக்குத் தெற்கே பாலோஸ் வெர்டிஸ் என்னும் தீபகற்பம் உள்ளது. அதனை ஒட்டிய கடலில், ஏறத்தாழ 60 மீட்டர் ஆழத்தில், லாஸ் ஏஞ்சலஸ் மாவட்டத்தின் கழிவு நீரைக் கொண்டு செல்லும் குழாய்கள் முடிவடைகின்றன. 1937-ஆம் ஆண்டில் இவ்வழி திறக்கப்பட்டது. நகரம் வளர வளரக் கழிவும் வளர்ந்தது.

1947-ஆம் ஆண்டு முதல் அம்மாவட்டத்தில் மாண்ட்ரோஸ் கெமிக்கல் என்னும் நிறுவனம் டி.டி.டி. தயாரித்தது. தயாரிப்பில் எழுந்த கழிவு நீர் பொதுச் சாக்கடையில் விடப்பட்டது. சுத்திகரிப்பு நிலையத்தின் வழியே சென்று, அதே குழாய்களின் வாயிலாகக் கடலை அடைந்தது. 1950-களின் பிற்பகுதியிலிருந்து 1970-களின் தொடக்கம் வரை இவ்வாறு ஏறத்தாழ 1,700 டன் டி.டி.டி. கடலுக்குச் சென்றதென மதிப்பிட்டுள்ளனர். சாக்கடையில் விடுவது 1971-ஆம் ஆண்டளவில் நின்றது. அமெரிக்க அரசு டி.டி.டி.யின் பொதுப் பயன்பாட்டை 1972-ஆம் ஆண்டில் தடை செய்தது.

விடுவது நின்றது, ஆனால் விட்டது அங்கேயே இருந்தது. அப்பகுதியின் மண் தூண்களை வெட்டியெடுத்துப் பார்த்தபோது, பேரேடு தெளிவாக விளங்கிற்று. அடியில் மனிதக் கழிவு கலவாத பழைய வண்டல் இருந்தது. அதன்மேல் கழிவு நீரின் அடையாளங்கள் தோன்றின. பின்னர் கிளைத்தொடர் சலவைப் பொருளும் டி.டி.டி. வகைகளும் ஏறிவந்தன. அதற்கும் மேலே நேர்த்தொடர் சலவைப் பொருள் தொடங்கிற்று. டி.டி.டி. மிகவும் செறிந்த அடுக்கு மேற்பரப்பில் இல்லாமல், அதற்குக் கீழே புதைந்திருந்தது. மேலே வர வர அளவு குறைந்தது. விடப்பட்டதன் ஏற்றமும் நிறுத்தமும் சேற்றில் அவ்வாறே பதிந்திருந்தன.

இங்கே ஓர் ஐயம் எழலாம். அக்காலத்தில் டி.டி.டி. வயல்களிலும் தெளிக்கப்பட்டதன்றோ? மழை நீரில் அடித்து வந்ததாக இருக்கக் கூடாதா? இதற்கு மற்ற இரு சாட்சிகளும் விடை கூறுகின்றன. கோப்ரோஸ்டனாலும் சலவைப் பொருளும் செறிந்த அதே அடுக்குகளில் டி.டி.டி.யும் செறிந்து நின்றது. குழாய் வாயின் அருகில் மிகுந்தும், நீரோட்டம் செல்லும் வடமேற்குத் திசையில் படிப்படியாகக் குறைந்தும் காணப்பட்டது. வயலிலிருந்து வந்ததாயின் சாக்கடையின் அடையாளங்களோடு இவ்வாறு கைகோத்து நிற்க வேண்டியதில்லை. வந்த வழி சாக்கடைக் குழாயே என்பது இவ்வாறு உறுதியாயிற்று.

1990-களில் நடந்த அளவீடுகளின்படி, ஏறத்தாழ 44 சதுர கிலோ மீட்டர் பரப்பில் 100 டன்னுக்கு மேற்பட்ட டி.டி.டி. வகைகள் அச்சேற்றில் தங்கியிருந்தன. அமெரிக்க அரசும் கலிஃபோர்னியா மாநில அரசும் 1990-ஆம் ஆண்டில் தொடுத்த வழக்கு பத்தாண்டுகளுக்கு மேல் நீடித்தது. 2001-ஆம் ஆண்டில் முடிவுற்றபோது, அவ்வழக்கில் ஏற்பட்ட உடன்பாடுகளின் மொத்தத் தொகை ஏறத்தாழ 14 கோடி டாலர்.

உயிர்கள் பட்ட துன்பம்

இது வெறும் கணக்கு வழக்கு அன்று. சேற்றில் வாழும் புழுக்கள் அந்நஞ்சை உட்கொண்டன. புழுக்களை உண்ட மீன்களிடத்தும், மீன்களை உண்ட பறவைகளிடத்தும் அது படிப்படியாகச் செறிந்தது. டி.டி.ஈ. பறவையின் உடலில் முட்டை ஓட்டிற்குச் சுண்ணாம்புச் சத்து சேர்வதைத் தடுக்கின்றது. ஓடு மெலிகின்றது. குஞ்சு பொரிப்பதற்காகத் தாய்ப்பறவை அமர்ந்தவுடன் அதன் எடையாலேயே முட்டை நொறுங்குகின்றது.

அக்கடலில் உள்ள அனகாப்பா என்னும் தீவில் பழுப்புக் கூழைக்கடாக்கள் கூடு கட்டுவதுண்டு. 1970-ஆம் ஆண்டில் அங்கே 552 கூடுகளில் இனப்பெருக்க முயற்சி நடந்தது. பறக்கும் பருவம் வரை வளர்ந்தது ஒரே ஒரு குஞ்சு. காக்க அமர்ந்த தாயே தன் முட்டையை நொறுக்க நேர்ந்தது எத்துணைக் கொடுமை! அப்பகுதித் தீவுகளில் வெண்தலைக் கழுகுகள் 1960-களின் தொடக்கத்திலேயே அற்றுப்போயின. 1980-ஆம் ஆண்டு முதல் கேட்டலினாத் தீவில் மீண்டும் கொணர்ந்து விடப்பட்ட கழுகுகளின் முட்டைகளும் பொரியவில்லை. மெலிந்த முட்டைகளை மனிதர்கள் எடுத்துச் சென்று, பாதுகாப்பாகப் பொரிக்கச் செய்து, குஞ்சுகளைக் கூட்டில் மீண்டும் வைத்தனர். மனிதர் உதவியின்றி அத்தீவுக் கூட்டத்தில் கழுகுக் குஞ்சு பொரித்தது 2006-ஆம் ஆண்டில்தான். சாக்கடையில் விடுவது நின்று 35 ஆண்டுகள் கழிந்த பின்னரே அது இயன்றது. பழுப்புக் கூழைக்கடா அழிவுக்குள்ளாகும் இனங்களின் பட்டியலிலிருந்து 2009-ஆம் ஆண்டில் நீக்கப்பட்டது.

குற்றமற்றதை விடுவித்தலும் சாட்சியின் கடமை

சாட்சி குற்றத்தைக் காட்டுவது மட்டும் போதாது. தவறான ஐயத்தைக் களைவதற்கும் அது உதவுதல் வேண்டும். இதற்கும் அதே கடற்பகுதியில் நல்ல எடுத்துக்காட்டு உள்ளது.

லாஸ் ஏஞ்சலஸ் கரைக்கும் கேட்டலினாத் தீவுக்கும் இடையில் ஏறத்தாழ 900 மீட்டர் ஆழமுள்ள பள்ளம் உண்டு. அங்கே பழைய பீப்பாய்கள் கிடப்பதைக் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிட் வாலன்டைன் குழுவினர் 2011, 2013-ஆம் ஆண்டுகளில் கண்டனர். 2021-ஆம் ஆண்டில் ஸ்கிரிப்ஸ் கடலாய்வு நிறுவனத்தார் ஒலியலைக் கருவிகளால் ஆராய்ந்தபோது, பீப்பாய் வடிவில் 27,000-க்கும் மேற்பட்ட பொருள்கள் தென்பட்டன. சில பீப்பாய்களைச் சுற்றிச் சேற்றில் வெண்ணிற வளையம் காணப்பட்டது. அப்பள்ளத்துச் சேற்றில் டி.டி.டி. மிகுந்திருந்தமையால், இப்பீப்பாய்களிலிருந்தே அது கசிந்தது என்று பலரும் எண்ணினர்.

சேற்றைச் சோதித்தபோது விடை வேறாக இருந்தது. பீப்பாயிலிருந்து தொலைவில் எவ்வளவு டி.டி.டி. இருந்ததோ, அருகிலும் ஏறத்தாழ அவ்வளவே இருந்தது. நெருங்க நெருங்க அது மிகவில்லை. வெண்ணிற வளையமுள்ள இடங்களில் சேறு மிகக் கடுமையான காரத்தன்மை கொண்டிருந்தது. அப்பீப்பாய்களில் இருந்தது காரக் கழிவு என்று 2025-ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வு தெரிவித்தது. டி.டி.டி. தயாரிப்பின் அமிலக் கழிவு பீப்பாய்களில் அடைக்கப்படாமல், படகுகளிலிருந்து நேராகவே கடலில் கொட்டப்பட்டது என்று பழைய ஆவணங்களை ஆராய்ந்த அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம் அதற்கு முன்னரே கூறியிருந்தது. கண்ணால் கண்டு ஊகித்தது ஒன்று. சேறு சொன்னது மற்றொன்று. ஊகத்தை உண்மையென்று கொள்ளாமல் தீர விசாரித்தல் அறிவுடையார் கடமை என்பதை இது காட்டுகின்றது.

சாட்சியின் எல்லைகள்

இச்சாட்சிக்கும் சில குறைபாடுகள் உள. அவற்றை அறியாமல் தீர்ப்பு எழுதுதல் முறையன்று.

முதலாவது, வளை தோண்டி வாழும் புழுக்களும் இறால் இனங்களும் சேற்றைக் கிளறுகின்றன. அதனால் பழைய அடுக்கும் புதிய அடுக்கும் கலந்து, ஆண்டுக் கோடுகள் மங்கிவிடுகின்றன. புதைந்த நஞ்சு மீண்டும் மேலே வருவதற்கும் இதுவே ஒரு காரணம்.

இரண்டாவது, அடையாளப் பொருள்களும் காலப்போக்கில் மாறுகின்றன. ஆக்சிஜன் மிகுந்த நீரில் கோப்ரோஸ்டனால் விரைவில் சிதையும். டி.டி.ஈ.யுங்கூடச் சேற்றில் மிக மெதுவாக வேறொரு பொருளாக மாறுவதை 1998-ஆம் ஆண்டில் கண்டறிந்தனர்.

மூன்றாவது, நீரில் நன்கு கரையும் கழிவுகள் சேற்றில் தங்குவதில்லை. ஆகவே சேற்றில் அடையாளம் இல்லை என்பதனால் மாசே இல்லை என்று முடிவு செய்தல் ஆகாது.

ஆகையினாலேயே விஞ்ஞானிகள் ஒரு தூணை மட்டும் நம்பாமல் பல இடங்களில் தூண்கள் எடுக்கின்றனர். ஒரு சாட்சியை மட்டும் கேளாமல் பல சாட்சிகளை ஒருங்கே விசாரிக்கின்றனர்.

நமக்குரிய பாடம்

எங்கோ தொலைவிலுள்ள கடலைப் பற்றிய செய்தி நமக்கு எதற்கு என்று எண்ண வேண்டா. நேர்த்தொடர் ஆல்கைல் பென்சீன் சென்னையை அடுத்த மணலியிலும் ஆக்கப்படுகின்றது. நம் இல்லங்களில் அன்றாடம் துணி துவைக்கும் தூளிலும் அதன் மிச்சம் உண்டு. நாம் ஊற்றும் நீர் வாய்க்காலையும், வாய்க்கால் ஏரியையும், ஏரி ஆற்றையும், ஆறு கடலையும் சேர்கின்றது. செல்லும் வழியெங்கும் நம் பெயரை எழுதாமல் நம் கணக்கை எழுதிச் செல்கின்றது.

இதனால் அஞ்சிச் சலவையை நிறுத்த வேண்டும் என்பது நம் கருத்தன்று. நேர்த்தொடர் வகை, பழைய கிளைத்தொடர் வகையைவிட எளிதில் சிதைவது. பிழையை உணர்ந்து திருத்திக்கொள்ள இயலும் என்பதற்கு அதுவே சான்று. பாலோஸ் வெர்டிஸ் குழாய்களிலும் 2002-ஆம் ஆண்டு முதல் முழுமையான இரண்டாம் நிலைச் சுத்திகரிப்புக்குப் பின்னரே நீர் விடப்படுகின்றது. தேவைக்கு மேல் தூளைக் கொட்டாதிருத்தல், பூச்சிமருந்துக் கலங்களை ஏரி குளங்களில் கழுவாதிருத்தல், மிஞ்சிய மருந்தைச் சாக்கடையில் ஊற்றாதிருத்தல் ஆகியவை ஒவ்வொரு குடும்பமும் இன்றே மேற்கொள்ளத்தக்கவை. ஊரின் கழிவு நீர் எங்கே செல்கின்றது என்று கேட்டறிவதும் நம் கடமையே.

கடலில் கரைத்த பெருங்காயத்தின் மணம் நமக்குத் தெரியாமற் போகலாம். அக்கடலடியில் வாழும் புழுவுக்கும், அக்கரையில் கூடு கட்டும் பறவைக்கும் அது தெரியாமற் போவதில்லை.

சிந்தனைக்குச் சில வினாக்கள்

1. ஓர் இரசாயனம் மாசுக்குச் சாட்சியாக அமைவதற்கு வேண்டிய நான்கு தகுதிகள் யாவை?

2. சலவைப் பொருள் 1965-ஆம் ஆண்டை எவ்வாறு அடையாளம் காட்டுகின்றது?

3. பாலோஸ் வெர்டிஸ் சேற்றில் இருந்த டி.டி.டி. வயல்களிலிருந்து வரவில்லை என்று எவ்வாறு அறிந்தனர்?

4. ஒரு மண் தூணின் மேற்பரப்பில் ஈயம்-210 எண்பது பங்கும், 22 சென்டி மீட்டர் ஆழத்தில் 20 பங்கும் உள்ளன. ஆண்டுக்கு எவ்வளவு வண்டல் படிந்துள்ளது? (விடை: 5 மில்லி மீட்டர்.)

5. சேற்றில் அடையாளம் கிடைக்காமையால் மாசு இல்லை என்று ஏன் கூறலாகாது?

இவ்வினாக்களுக்கு வீட்டில் பெரியவர்களும் பிள்ளைகளும் கூடியிருந்து விடை காணுமாறு அன்புடன் வேண்டுகிறோம்.